தட்டோடு திரும்பி வந்த வெள்ளைப் பட்டு

எங்கள் வீட்டில் புதுப்பொருள் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. அதன்பிறகு அதைப் பார்க்க வேண்டுமென்றால், ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தாலும் அவரிடம்தான் வரும். சும்மா பார்த்துக் கொடுப்பார். கொடுக்கும்போது கூடவே எங்கள் வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று கிளம்பிப் போகும்.

"ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும். இல்லன்னா வாசல்ல குடோன்னு போர்டு மாட்டிர வேண்டியதுதான்" என்பார்.

வருவதெல்லாம் பெங்களூரில் இருக்கும் மகள் அனுப்புவது. போவது மட்டும் இவர் புண்ணியம்.

எனக்கும் கொடுக்கப் பிடிக்கும். ஆனால் யாருக்கு எது, எப்போது என்று யோசித்துக் கொடுக்கப் பிடிக்கும். அவருக்கு மனசு முந்துவதற்குள் கை முந்திவிடும். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் உருப்படியாக நடக்கிற சண்டை இது ஒன்றுதான். சண்டை போட்டு அலுத்துப்போய், கடைசியில் ஒளித்து வைக்கப் பழகிக்கொண்டேன். கர்த்தருக்கு முன் இது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால் ஆண்டவருக்கே புரியும்.

போன டிசம்பரில் மகள் ஒரு வெள்ளைப் பட்டு அனுப்பியிருந்தாள். மெல்லிய ஜரிகைக் கரை, கையில் எடுத்தால் நழுவுகிற பட்டு. எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அன்றைக்குப் பெண்கள் வெள்ளைப் புடவை கட்டுவது வழக்கம். கல்யாணத்துக்கே எங்கள் பக்கம் மணப்பெண்ணுக்கு வெள்ளைப் பட்டுதான். புது வருஷத் திருவிருந்துக்குக் கட்டலாம் என்று அதைப் பழைய மிக்ஸி டப்பாவுக்குள் வைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவர் வீட்டில் மிக்ஸி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன் பாருங்கள், அந்த அறிவை என்னவென்று சொல்ல.

இங்கே பக்கத்து வீட்டைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் கூமாப்பட்டிப் பெண். விவசாயக் குடும்பம். புருஷன் ராணுவத்தில், வடக்கே பனிமலையில். பிள்ளையின் படிப்புக்காக அவள் ராஜபாளையத்தில் இருக்கிறாள். என்னை அத்தை என்பாள். சனிக்கிழமை ஆனால் நானும் அவளும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். அவள் ஆண்டாள் கோயிலுக்குள் போவாள். நான் வெளியே அவள் செருப்புக்கும் பிள்ளைக்கும் காவல். வந்ததும் எனக்கு ஒரு முழம் பூ தருவாள், தலையில் வைத்துக்கொள்வேன். பிறகு இரண்டு பேரும் பால்கோவா வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் பாதியைத் தீர்த்துவிடுவோம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். நான் தின்றதை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அந்த மார்கழியில் அவளோடு இருக்க அவள் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தார். தேங்காயும் கொய்யாவுமாக மூட்டையோடு வந்திறங்குகிற மனுஷி. என்னை வாய் நிறைய மதினி என்று கூப்பிடுவார், நானும் அப்படியே.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பிருந்து பட்டாளத்தில் இருக்கிற அந்தப் பையனிடமிருந்து போன் இல்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவன். பனி விழுந்து டவர் இருக்காது என்று அவளே எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே நின்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன்னே ஆராதனைக்குக் கிளம்பினோம். அவள் வாசலில் மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாங்க அத்தை. அவியளுக்கும் சேத்துக் கும்பிடுங்க" என்றாள். கும்பிட்டேன். ஆராதனை முடிந்து நான் கோயில் வளாகத்தில் நாலு பேரிடம் கைகுலுக்கிப் பேசிக்கொண்டிருக்க, இவர் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டார். நான் போனபோது சாய்வு நாற்காலியில் பரலோகம் பார்த்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு குடுத்தாச்சு" என்றார்.

நல்லதுதான். முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம், கேக் எல்லாம் நான்தான் தாம்பாளத்தில் அடுக்கி மூடிவைத்துவிட்டுப் போயிருந்தேன். தீபாவளிக்கு அவர்கள் தட்டு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு போகும். எந்தத் தட்டும் வெறுந்தட்டாகத் திரும்பாது; ஒரு சீப்புப் பழமாவது இருக்கும்.

வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். எங்கள் தாம்பாளம் கேட்டுக்குள் படியில் இருந்தது. முறுக்கு உட்பட எல்லாம் வைத்தது வைத்தபடி. அதன்மேல் என் வெள்ளைப் பட்டு.

பட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"இது எப்படி அங்க போச்சு?"

"நான்தான் வெச்சேன். ரிப்பேர் பாத்த மிக்ஸிய வெச்சு அனுப்ப டப்பா எடுத்தேன், உள்ள இருந்துச்சு. அந்தப் பிள்ள ஒரு வாரமா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டிருக்கு. வீட்டுலயே நல்ல பொருள் இதுதான். சந்தோசப்படட்டுமேன்னு..."

"வெள்ளப் பொடவைய!"

"ஏன், நீ கல்யாணத்துக்கே வெள்ளதான கட்டுன? பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்தியே."

வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு நான் உருகியிருப்பேன். நல்லவர்தான். ஆனால் பிறந்ததிலிருந்து சபை ஜனங்களுக்குள்ளேயே வளர்ந்து, மில்லில் மெஷினோடு பேசிப் பழகியவர். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு, அவன் குரல் கேட்டு ஒரு வாரமான நேரத்தில், வெள்ளைச் சீலை கொடுத்தால் அதற்கு அந்த வீட்டில் என்ன பொருள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது. போய்க் காலில் விழுகிறேன் என்று எழுந்தார். "நீங்க ஒண்ணும் குடுக்கவும் வேண்டாம், விழவும் வேண்டாம், சும்மா இருங்க" என்று நான் போனேன்.

மாமியார்தான் கதவைத் திறந்தார், பாதி. உள்ளே அவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

"எம் மவன் பனிக்குள்ள நிக்கான். உசுரோட இருக்கானான்னு தெரியாம நாங்க தவிச்சுக்கிட்டுக் கெடக்கோம். நல்ல நாளும் அதுவுமா வெள்ளச் சீலைய குடுத்து விடுதிய. உங்க மனசுல என்ன இருக்கு?"

மதினி என்ற வார்த்தை இல்லை. நான் விளக்கினேன். எங்கள் வழக்கம், கல்யாணம், வெள்ளை, எல்லாம் சொன்னேன். எனக்கே அது நொண்டிச் சாக்காகக் கேட்டது. "சரி, போங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டு நான் பாட்டுக்குப் போகிறவள். ஆனால் அன்று எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பையனுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகியிருந்தால்? அந்தப் பெண் தன் ஆயுசு முழுக்க எங்கள் புடவையைத்தானே நினைக்கும்? சகுனம் பொய்யென்று நான் அவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? "ஆண்டவரே, அவன் நல்லா இருக்கணும், ஒரு போன் மட்டும் வரணும்" என்று அடுப்படியில் நின்றே ஜெபித்தேன். அதில் பாதி அவனுக்காக, பாதி எங்களுக்காக. மறைக்க விரும்பவில்லை.

அதன்பிறகு வந்த நாட்களில் எங்கள் வீடு நிஜமாகவே குடோன் ஆனது. என் வீட்டுக்காரர் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. மகள் அனுப்பிய பிஸ்கட் டின் மேசையிலேயே இருந்தது. அவரே அதைப் பார்த்து, "இன்னும் இங்கதான் இருக்கா" என்று கேட்டார். பாவமாக இருந்தது. சனிக்கிழமை வந்தது; ஸ்ரீவில்லிபுத்தூர் போக யாரும் கூப்பிடவில்லை. தனியாகப் பால்கோவா தின்ன எனக்குப் பிடிக்கவில்லை. தின்னாமல் இருப்பது சர்க்கரைக்கு நல்லதென்று அவர் சொன்னபோது எரிந்து விழுந்தேன்.

மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனபோதுதான் இன்னொன்று உறைத்தது. எங்கள் கொடி அவர்கள் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே. அதில் தொங்குவதெல்லாம் என் கோயில் புடவையும் அவர் வேட்டியும் பனியனும், அம்புட்டும் வெள்ளை. எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்து, ஹாலுக்குள் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போட்டேன். வருகிறவர்கள் ஈர வேட்டிக்கு அடியில் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். மார்கழி ஈரத்தில் ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்கச் சொட்டு நீல வாசனை.

வருஷம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, மதியம், கேட் திறக்கிற சத்தம். அவள்தான் ஓடி வந்தாள். வேட்டிக்கு அடியில் குனிந்து, கையில் போனை நீட்டிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நின்றாள். திரையில் அவள் புருஷன்.

"அத்தை, நல்லா இருக்கியளா? கீழ இறங்கி வந்தாத்தான் டவர் கெடைக்கி. எங்கம்மா உங்க சீலைய திருப்பிக் குடுத்துட்டாவளாமே?"

அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் வெள்ளைக் குல்லா, உடம்பில் வெள்ளைக் கோட்டு. பின்னால் மலை, தரை, கூடாரம், எல்லாம் வெள்ளை.

வாசலில் மாமியார் நின்றார், உள்ளே வராமல். அவன் குரலை உயர்த்தினான். "எம்மா, நல்லா பாத்துக்கோ. தலையிலருந்து கால் வரைக்கும் நான் உடுத்தியிருக்கது வெள்ளதான். இந்தப் பனில வேற கலர் போட்டாத்தான் தூரத்துலருந்தே தெரியும், அதுதான் ஆபத்து."

அவர் மெல்ல உள்ளே வந்தார். போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"கழுத்து தெரியுதுலே. நல்லா பொத்திக்கோ" என்றார்.

போன் பேசி முடித்து அவர் நிமிர்ந்தபோதுதான் ஹாலில் தொங்கிய துணிகளைக் கவனித்தார். "இது என்ன கூத்து?"

"நம்ம ஜன்னலுக்குத் தெரியக் கூடாதுன்னு அத்தை உள்ள போட்டிருக்காவ" என்று மருமகள் சொன்னாள். நான் அவளிடம் சொல்லவில்லை. வெறுங்கொடியைப் பார்த்து அவளாகத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

மாமியார் என் வீட்டுக்காரரின் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சொட்டச் சொட்ட இருக்கு. கொண்டுபோயி வெயில்ல போடுங்க மதினி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அந்தப் பலகாரத் தட்டைக் கேட்டார். பலகாரம் தீர்ந்துவிட்டிருந்தது, மறுநாள் புதிதாகச் சுட்டுக் கொடுத்தேன். "சீலை மட்டும் வேண்டாம்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதுவும் சரிதான்.

பொங்கலுக்கு அந்தத் தாம்பாளம் திரும்பி வந்தது. சர்க்கரைப் பொங்கல், கரும்பு, மஞ்சள் குலை, அதன்மேல் ஒரு சேலை. சுந்தரபாண்டியத்துத் தறியில் நெய்தது. குங்குமத்தையே கரைத்து ஊற்றியது போல அப்படி ஒரு சிவப்பு. மாமியாரும் மருமகளும் கடையில் நெடுநேரம் நின்று தேடி எடுத்தார்களாம்.

"இதவிட மங்களமா ஒரு கலர் கெடையாது மதினி. நீங்க தீர்க்காயுசா ரெண்டு பேருமா இருக்கணும்" என்றார்.

ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டுமே. என் வீட்டுக்காரர் சிவப்புச் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பேசாமல் போய் வெள்ளைப் பட்டை எடுத்து வந்து, நானே அவர் கையில் வைத்தேன். எங்கள் சபையில் தை மாதம் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண், மில் வேலைக்குப் போகிற பிள்ளை, கல்யாணப் பட்டுக்குத் தவித்துக்கொண்டிருப்பது எனக்கு முன்பே தெரியும். இந்தத் தடவை யோசித்துக் கொடுத்தோம். அவள் அதைக் கட்டி ஆலயத்துக்குள் நடந்து வந்தபோது, நான் அவளைவிட என் வீட்டுக்காரர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

அடுத்து வந்த திருவிருந்து ஞாயிறன்று அந்தச் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசை முழுக்க வெள்ளை. நடுவில் நான் மட்டும் குண்டு மிளகாய் வற்றல் மாதிரி. பின்னாலிருந்து ஒருத்தி தோளைத் தொட்டு, "இன்னைக்கு வெள்ளைல்லா?" என்று கிசுகிசுத்தாள். பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன். குருவானவர் தேசத்தைக் காக்கிறவர்களுக்காக ஜெபிக்கச் சொன்னார். எல்லோரும் முழங்கால் படியிட்டோம். என் வலப்பக்கமும் இடப்பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குனிந்திருந்தார்கள். பனிக்குள் நிற்கிற அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். இந்த முறை ஜெபம் முழுவதும் அவனுக்காகத்தான்.