நெமேசியாவின் எண்பத்தேழு டிகிரி

மலைமேல் இருக்கும் எல் ஆல்டோ ஊர்ச் சந்தையில் குக்கர் ரிப்பேர் என்றால் நெமேசியா கொண்டோரிதான். மூடாத குக்கர், மூடினால் திறக்காத குக்கர் எல்லாம் இருபத்தெட்டு வருஷமாக அவள் கைக்குத்தான் வருகின்றன. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு சாமான் எப்படி ஓடுகிறதென்று தெரியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது, மற்றவர்களையும் சும்மா இருக்க விடமாட்டாள்.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட முற்றத்தில் மேசை போட்டு, செத்துப்போன மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் பரப்புவாள். பிள்ளைகள் எதையும் கழற்றலாம். கழற்றியவர்தான் மாட்டவேண்டும், அது ஒன்றுதான் சட்டம்.

ஒருநாள் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்தார்கள். புத்தகத்தில் நூறு டிகிரி என்றிருக்க, தெர்மாமீட்டர் எண்பத்தேழைத் தாண்டவில்லை. நெமேசியா அதை விற்ற கடைக்காரர் ஃப்ளோரியானோவிடம் போய் கிழிகிழியென்று கிழித்துவிட்டு வேறு வாங்கிவந்தாள். அதிலும் எண்பத்தேழு. மறுபடி போய்த் திட்டினாள். மூன்றாவதும் அதே.

"மூணும் சேந்து ஒரே பொய்யைச் சொல்லுமாக்கா?" என்றாள் பத்து வயது யோசெலின்.

நெமேசியா தலையில் அடித்துக்கொண்டாள். தப்பு தெர்மாமீட்டரில் இல்லை, இங்கே தண்ணீரே சீக்கிரம் கொதிக்கிறது; காலமெல்லாம் குக்கரோடு மல்லுக்கட்டியவளுக்கு இது தோன்றவில்லையே!

பிள்ளைகள் பரீட்சையில் எண்பத்தேழு என்றே எழுதினார்கள். அத்தனை பேருக்கும் தப்பு. புகார் மேலே போய், மேசையை மூடலாமா என்று பார்க்க சாந்தா குரூஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேசை போனால் அப்புறம் நெமேசியாவுக்குச் சனிக்கிழமை எதற்கு?

வந்தவர் சமவெளிக்காரர். நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நெமேசியா அடுப்பில் கொதிக்கும் பானையிலிருந்து அப்படியே மொண்டு, மூச்சிரைப்புக்கு நல்லதென்று கோக்கா இலைத் தேநீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, தண்ணி சரியாவே கொதிக்கலையே?"

யோசெலின் பானை மூடியைத் தூக்கினாள். தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரை விட்டுக் காட்டினாள்.

"இதுக்கு மேல ஏறாது சார். மலைமேல காத்து கம்மி. தண்ணிய அமுக்கிப் பிடிக்க ஆளில்ல, சீக்கிரமே பொங்கிடுது. குக்கர் ஆவிய அடைச்சு அமுக்கும், அப்பத்தான் கிழங்கு வேகும்."

"காத்து கம்மின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்களே மூச்சு வாங்குறீங்களே!"

முற்றமே சிரித்தது. அவரும் சிரித்து, இருமி, பாடப்புத்தகத்தை வாங்கி நூறை அடிக்கப் போனார். "சரி, என்ன எழுதட்டும்?"

"நூற அடிக்காதீங்க சார்," என்றாள் யோசெலின். "பக்கத்துல அது எந்த ஊர்க் கணக்குன்னு எழுதுங்க."

எழுதினார். மேசை தப்பியது. நெமேசியாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஏன்க்கா அழுவுற?"

"ஃப்ளோரியானோகிட்ட மன்னிப்புக் கேக்கணுமேடி," என்றாள். "ரெண்டு தடவ."