நாட்டைப் பார்த்துப் பேப்பரை முடிவு செய்தேன்

எங்கள் சாஃப்ட்வேர் நிலத்தைச் சுருக்குகிறது என்று ஏழுமலை போன் செய்தபோது வில்லியனூர் ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஏழுமலை செல்லிப்பட்டில் தனியார் சர்வேயர். நிலத்தை அளந்து, எங்கள் சாஃப்ட்வேரில் வரைபடம் போட்டு, பிரிண்ட் எடுத்து, சீல் வைத்துக் கொடுப்பார். அந்த சாஃப்ட்வேரின் பிரிண்ட் பகுதியை எழுதியவள் நான்.

"சிரிக்காதீங்க மேடம். புது வெர்ஷன் போட்டதுலேர்ந்து நூறு மீட்டர் பேப்பர்ல தொண்ணூத்தேழாத்தான் வருது. இங்க வரப்ப வெட்ட ஜேசிபி வந்து நிக்கிது. நீங்க வந்தாத்தான் ஆவும்."

மேனேஜர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். "ஸ்கிரீன்ல எவ்வளவு காட்டுது?" என்றார்.

"ஸ்கிரீன்ல நூறுதான் சார்."

"அப்போ சாஃப்ட்வேர் கரெக்ட். யூசர் மிஸ்டேக்குன்னு போட்டு டிக்கெட்ட க்ளோஸ் பண்ணுங்க."

அந்தப் புகாரின் டிக்கெட் என் பெயரில் இருந்தது. க்ளோஸ் பண்ணாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்கேல் வைத்துப் பார்க்கும் ஊர்

இந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வரைபடம் கைக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்து அதன்மேல் வைப்பார்கள். சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர் என்று கீழே போட்டிருக்கும். பள்ளிக்கூடம் போகாதவர்கூடக் கோட்டை அளந்து கணக்குச் சொல்லிவிடுவார். ஸ்கிரீனில் என்ன காட்டினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. சீல் இருப்பது பேப்பரில்தான்.

நிலத்துக்காரி அஞ்சலாட்சி வரப்பின் மேல் உட்கார்ந்திருந்தார். தெற்கே அடுத்த நிலம் தனக்கோட்டியுடையது. இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு வரப்புதான். அஞ்சலாட்சியின் வடக்குக் கல்லிலிருந்து வரப்புவரை தரையில் நூறு மீட்டர். ஏழுமலை இரண்டு நிலத்தையும் சேர்த்து வரைந்து சீல் வைத்த பேப்பரில் ஸ்கேல் வைத்தால் தொண்ணூற்றேழு. மூன்று மீட்டரை அந்தம்மா தின்றுவிட்டார் என்று தனக்கோட்டி ஜேசிபியைக் கூட்டி வந்துவிட்டார். அந்த மூன்று மீட்டருக்குள்தான் அஞ்சலாட்சியின் போர் கிணறு இருந்தது. நெல் கதிர் விடும் சமயம். போர் கை மாறினால் அந்தப் போகம் அவ்வளவுதான்.

"இன்னாம்மா, படிச்சவங்கதானே நீங்க?" என்றார் அஞ்சலாட்சி. "உங்க மெஷினு என் போர எடுத்து அவருக்குக் குடுத்துடுச்சே. நான் பயிர இன்னா செய்யறது?"

ஏழுமலையை இழுத்துக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனேன். பிரிண்டரின் ட்ரேயை இழுத்துப் பார்த்தேன், ஏ4 பேப்பர். கம்ப்யூட்டரில் எந்த நாடு குறித்திருக்கிறது என்று திறந்து பார்த்தேன். அமெரிக்கா.

"இது யாருங்க வச்சது?"

"வாங்கறப்பவே அப்படித்தான் இருந்துச்சு மேடம். ஓடற மெஷின நான் எதுக்கு நோண்டணும்?"

தப்பு என்னுடையது என்று புரிந்தது. பழைய வெர்ஷனில் ஒவ்வொரு பிரிண்டுக்கும் பேப்பர் அளவு என்ன என்று கேட்போம். கேட்டால் வாடிக்கையாளர் எரிச்சல் படுகிறார் என்று மேனேஜர் சொன்னதால் புதிய வெர்ஷனில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இருக்கும் நாட்டைப் பார்த்து சாஃப்ட்வேரே முடிவு செய்துகொள்ளும். இதைத்தான் டிஃபால்ட் என்போம். இந்தியா என்றால் ஏ4. அமெரிக்கா என்றால் லெட்டர், அதாவது ஏ4-ஐவிட அகலம் கொஞ்சம் கூடிய, உயரம் குறைந்த தாள். நாலே வரி புரோகிராம். எழுதிய அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

செல்லிப்பட்டில் லெட்டர் தாள் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் என் நாலு வரியைப் பொறுத்தவரை ஏழுமலை அமெரிக்காவில் உட்கார்ந்திருந்தார். லெட்டர் அகலத்துக்குப் போட்ட படத்தைப் பிரிண்டர் ஏ4-க்குள் அடக்கச் சுருக்கியது. நூற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று போனது அங்கேதான்.

தனக்கோட்டியின் நிலம்

அளவைச் சரி செய்து புதுப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரப்புக்குத் திரும்பினோம். தனக்கோட்டி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"காலையில ஒரு பேப்பரு, மத்தியானம் ஒரு பேப்பரா? சாயங்காலம் இன்னொண்ணு வருமா? நான் இதத்தான் நம்புவேன்" என்று பழைய பேப்பரைத் தட்டினார்.

"சரிங்கண்ணே, அதுலயே அளக்கலாம்" என்றேன். "உங்க நிலம் எவ்வளவு?"

"தெற்குக் கல்லுலேர்ந்து வரப்பு வரைக்கும் எம்பது மீட்டர். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"ஸ்கேல வையுங்க."

வைத்தார். எட்டு சென்டிமீட்டர் வர வேண்டிய இடத்தில் ஏழு புள்ளி எட்டுகூட முழுசாக வரவில்லை. ஸ்கேலை எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். அஞ்சலாட்சியின் பக்கத்தை அளந்தவர் தன் பக்கத்தை அளக்கவே இல்லை. குறைவது அடுத்தவர் நிலம் என்றால் யாரும் தன் நிலத்தை அளந்து பார்ப்பதில்லை.

"அந்தம்மாவுக்கு மூணு, உங்களுக்கு ரெண்டு. அஞ்சு மீட்டர் காணோம். அது யாருதுண்ணே?"

அவர் ஸ்கேலைப் பேப்பரை விட்டு எடுத்தார். பிறகு, "எழுதிக் குடு. சீல் வச்ச பேப்பர வாய்ப்பேச்சுல மாத்த முடியாது. தப்பு யாருதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடு, வண்டிய அனுப்பிடறேன்" என்றார். நியாயமான பேச்சு. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது அடுத்த போனில். மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எதையும் எழுத்துல குடுக்காதீங்க. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வருவாங்க. உலகம் பூரா இப்படித்தான் டிஃபால்ட் வைக்கறாங்க. செட்டிங்க தப்பா வச்சிருந்தது சர்வேயர்தானே? வேணும்னா அப்படி எழுதிக் குடுங்க."

"அப்படி எழுதினா அவர் சீலை யார் சார் இனிமே மதிப்பாங்க?"

"அது அவர் பிரச்சனை. நீங்க எழுதினா உங்க வேலை உங்க பிரச்சனை."

பக்கத்தில் நின்ற ஏழுமலைக்கு அது முழுக்கக் கேட்டது. "வேணாம் மேடம், எம்பேருலயே எழுதிடுங்க. நீங்க சம்பளக்காரங்க" என்றார். அந்த நேரத்தில் அந்த மனுஷன் அப்படிச் சொன்னதுதான் என்னை உசுப்பிவிட்டது. போனை அணைத்தேன். ஜேசிபியின் பானெட்டில் தாளை வைத்து எழுதினேன். இந்தப் பிரிண்ட் சுருங்கியதற்குக் காரணம் நான் எழுதிய புரோகிராம். சர்வேயர் அளந்த அளவில் தப்பில்லை. இந்தப் பேப்பர் செல்லாது. கீழே முழுப் பெயர், பதவி, கையெழுத்து.

தனக்கோட்டி இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினார். வண்டி வந்த வழியே திரும்பியது. அஞ்சலாட்சி எனக்கு நன்றி ஏதும் சொல்லவில்லை. நேரே போய் மோட்டாரைப் போட்டார். நன்றி சொல்ல நான் என்ன தானமா கொடுத்தேன்? அது அவர் போர்.

மெமோ

மறுநாள் மெமோ கொடுத்தார்கள். கடிதத்தைத் திரும்ப வாங்கி வந்தால் மெமோவைக் கிழித்துவிடுவதாக மேனேஜர் சொன்னார். வாங்கி வர மாட்டேன் என்றேன்.

"வரைபடத்த ஸ்கேல் வச்சு யாருங்க அளக்கறாங்க இந்தக் காலத்துல?" என்றார்.

"நம்ம சாஃப்ட்வேர வாங்கற அத்தனை பேரும் சார்."

அந்த வாரமே நாலு வரியையும் அழித்தேன். இப்போது சாஃப்ட்வேர் பிரிண்டரிடம் ட்ரேயில் என்ன தாள் என்று கேட்கும். பிரிண்டருக்குத் தெரியாவிட்டால் ஆளைக் கேட்கும். தாள் பொருந்தவில்லை என்றால் சுருக்காது, பிரிண்ட் எடுக்காமல் நின்றுவிடும். அதற்குச் சில வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிஃபால்ட் வைப்பது என்றால், முகம் தெரியாத ஒருவருக்காக நீங்கள் பதில் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த ஆள் எந்த நாடு என்று பார்த்தால் போதாது, ட்ரேயில் என்ன தாள் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பதில் தப்பாகிவிட்டால் செட்டிங்கைக் காட்டித் தப்பிக்காதீர்கள், நேரில் போய் நில்லுங்கள்.

மெமோவுக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் எழுதியது ஒரே வரி: என்னால் சுருங்கிய நிலத்தை நானே திருப்பிக் கொடுத்தேன், இதில் விளக்க ஒன்றுமில்லை. அந்த வருஷப் பிரமோஷன் வரவில்லை. அந்தக் கடிதம் இன்னும் தனக்கோட்டியிடம்தான் இருக்கிறது.