அண்ணா எறிந்த பந்து

அண்ணாவின் முப்பத்தோராம் நாளில் இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். இப்படியான மலர்களில் மறைந்தவருக்குக் கோபமே வந்ததில்லை என்றுதான் எழுதுவார்கள். அண்ணாவை அப்படி எழுதினால் அவரோடு பழகிய நீங்களே சிரிப்பீர்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாக அண்ணா பிறந்தார். ஐயா துறைமுகத்தில் வேலை பார்த்தார். படிப்பில் அண்ணா சுமார்தான். எல்லே விளையாட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூங்கில் தடியால் அவர் அடித்தால் பந்து மைதானத்தைத் தாண்டிக் கடற்கரையில் போய் விழும். அடித்தவர் உடனே ஓடவும் மாட்டார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பந்து போகிற அழகைப் பார்த்து நிற்பார். அந்தத் திமிருக்காகவே பலருக்கு அவரைப் பிடிக்காது. நடுவரோடு வாய்த்தர்க்கம் இல்லாமல் அவர் ஒரு போட்டியை முடித்ததாக எனக்கு நினைவில்லை.

நாட்டு நிலைமை மோசமானபோது, அண்ணியையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் அண்ணியின் தாய் வீட்டில் விட்டுவிட்டு அண்ணா டென்மார்க் வந்தார். நானும் என் கணவரும் அவருக்கு முன்பே வந்து ரண்டர்ஸ் நகரில் இருந்தோம். அண்ணா பக்கத்துக் கட்டடத்தில் குடியேறி, இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வதிவிட அனுமதி கிடைத்ததும் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். வருகிற கோடைக்கு இரண்டு பேரும் இங்கே நிற்பார்கள் என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒருவர் ஊரிலிருந்த சின்னப் பேஸ்போல் கழகத்துக்கு அவரைக் கூட்டிப் போனார். டெனிஷ்காரர் பலருக்கே அது என்னவென்று தெரியாத காலம். முதல் நாள் அண்ணா அடித்த பந்தைத் தேடிப் பயிற்சியாளரே வேலிக்கு அப்பால் போக வேண்டி வந்தது. அன்றே அவரை அணியில் சேர்த்துவிட்டார்கள். விதிகளை டெனிஷில் விளங்கப்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததைத்தான் அண்ணாவும் செய்தார். விளங்கியதோ இல்லையோ, "யா, யா" என்று தலையாட்டினார்.

எல்லேயில் ஓடுகிறவரின் உடம்பில் பந்து படும்படி எறிந்தால் அவர் அவுட். அது டென்னிஸ் பந்து, சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். பேஸ்போல் பந்து கல்லு மாதிரி. அதை ஓடுகிறவர் மேல் எறியக் கூடாது, தன் அணிக்காரரின் கைக்குத்தான் எறிய வேண்டும். அண்ணாவின் முதற்போட்டியில் எதிரணியைச் சேர்ந்த ஓலே என்பவர் அவருக்கு முன்னால் ஓடினார். அண்ணா பந்தைப் பொறுக்கி, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து அவர் மேலேயே எறிந்தார். வலது தோளில் எலும்பு முறிந்து ஓலே புல்லில் விழுந்தார். அண்ணா இரண்டு கைகளையும் உயர்த்தி, "அவுட்!" என்று கத்தினார்.

அந்தப் படம்தான் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. ஒரு டெனிஷ்காரர் விழுந்து கிடக்கிறார், ஒரு தமிழ் அகதி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அண்ணா வைத்தியசாலைக்குப் போய், தெரிந்த ஒரே மன்னிப்புச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது படத்தில் இல்லை. ஓலே அவரை மன்னித்ததும் அந்தப் படத்தில் இல்லை. கழகம் அந்தக் கோடை முழுவதும் அண்ணாவை விளையாட விடவில்லை.

அதற்குப் பிறகு விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. அண்ணாவுக்கு மட்டுமல்ல, ஊரில் எந்தத் தமிழருக்கும் வரவில்லை. மாதங்கள் போகப் போக எல்லோருடைய கண்ணும் அண்ணா மேல் திரும்பியது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அன்றைய தலைவர் என் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே, அங்கிருந்த அண்ணாவைப் பார்த்துச் சொன்னார்: "நீர் எறிஞ்ச பந்தாலை எங்கட பெண்டுபிள்ளையளும் அங்கை கிடந்து சாகவேணும் போல."

ஊரில் எந்த நடுவருக்கும் அடங்காத அண்ணா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் அதை நம்பிவிட்டார். தடைக்காலம் முடிந்து கழகத்தார் வந்து கூப்பிட்டும் அவர் போகவில்லை. மட்டையை நிலவறையில் வைத்துப் பூட்டினார்.

கடைசியில் அனுமதி கிடைத்தபோது, கைக்குழந்தையாக விட்டு வந்த மகள் பள்ளிக்கூடப் பிள்ளையாக வந்து இறங்கினாள். தகப்பனைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்தாள். இடையில் இலங்கையில் அகதி முகாமில் இருந்த காலத்தில் வந்த காய்ச்சலில் அவளுக்கு ஒரு காது மந்தமாகியிருந்தது. அவள் "என்ன?" என்று திருப்பிக் கேட்கும்போதெல்லாம் அண்ணாவின் முகம் சுருங்கும். அண்ணிக்கும் பந்துக் கதை அங்கேயே எட்டியிருந்தது. என் குசினியில் வைத்து அவர் ஒளிக்காமல் சொன்னார்: "மச்சாள், அங்கை ஒவ்வொரு நாளும் அந்தப் பந்தைத்தான் திட்டினன்." அண்ணா அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த விண்ணப்பங்களைப் பற்றி விசாரணை வந்தது, டெனிஷ் அரசாங்கமே கவிழ்ந்தது. நாங்கள் அண்ணா வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். செய்தியைக் கேட்டு மகள் டெனிஷில் கடகடவென்று சொல்ல, தமிழில் சொல்லச் சொன்னார் அண்ணி.

"அமைச்சிலயே மறிச்சு வைச்சிருந்தவையாம், அம்மா. எல்லாத் தமிழாக்களின்ரையும்."

"அப்ப அப்பான்ரை பந்தாலை இல்லையோ?"

மகள் தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தப் பந்து?"

அண்ணா அழுததை நான் அன்றுதான் கண்டேன். ஐயாவின் மறைவுக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. அண்ணி எழுந்து நிலவறைக்குப் போய் மட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஞாயிற்றுக்கிழமை போய் விளையாடுங்கோ" என்றார்.

அண்ணா போனார். கை பழையபடி அடித்தது, கால்தான் ஓட மறுத்தது. நடுவரோடு சண்டை பிடித்து வெளியேற்றப்பட்டு, மிகுந்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தார். அந்த எதிரணியிலும் ஓலேதான் இருந்தார். போட்டி முடிந்து அவரே அண்ணாவைத் தன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அண்ணியின் மீன்குழம்பைச் சாப்பிட்டுப் போனார். அதிலிருந்து தொடங்கியதுதான் அவர்களுடைய நட்பு. சங்கத்தின் அந்த நாளைய தலைவர் மட்டும் தான் போட்ட பழியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய மனைவியும் அண்ணி வந்த அதே கோடையில்தான் வந்து சேர்ந்தார். இந்த மலர் அவர் கைக்கும் போகும். வாசிக்கட்டும்.

சிறுநீரக நோயோடு அண்ணா கடைசிக் காலத்தை வீட்டிலேயே கழித்தார். வலித்தாலும் முறைப்பாடு சொன்னதில்லை. தாதிமாரோடு மட்டும் சாப்பாட்டுக்காக வாதாடுவார். மகளின் காது கேட்கும் பக்கத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அமைதியாகப் போனார்.

அவரைப் பராமரித்த தாதிமாருக்கும், ஈமக்கிரியைகளைச் செய்துதந்த ஐயருக்கும், செய்தி கேட்ட நேரத்திலிருந்து எங்கள் வீட்டு அடுப்பைப் பொறுப்பெடுத்த ரண்டர்ஸ் பெண்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இங்கே சவப்பெட்டியை இரண்டு பக்கமும் கைபிடியில் பிடித்துத் தூக்குவது வழக்கம். முதுமையால் தளர்ந்திருந்த ஓலே, தானும் பிடிக்க வேண்டும் என்று நின்றார். இடது கையால் பிடிக்கக்கூடிய பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குளிர் நாட்களில் வலது தோள் இன்னமும் உளையுமாம். பெட்டியை வாகனத்தில் ஏற்றிக் கதவை மூடிய பிறகு, அவர் அந்த வலது கையை இயன்ற அளவுக்கு உயர்த்தி, மெதுவாக "அவுட்" என்றார். எங்களோடு நின்ற அண்ணி சிரித்துவிட்டார். பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.