மூன்றாம் மாடி ரிஃப்கியும் எரியாத கோம்பியும்

துருக்கியின் சிவாஸ் ஊரில் பனி விழத் தொடங்கிவிட்டால் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கோம்பி எரியும். சமையலறைச் சுவரில் தொங்கும் அந்த வெள்ளை எரிவாயுப் பெட்டிதான் குழாய்க்கு வெந்நீர், அறைகளுக்குச் சூடு, எல்லாம். மூன்றாம் மாடி ரிஃப்கி வீட்டில் மட்டும் அது எரியாது. கீழ்வீட்டு சாதெத் எரிக்கிறாள், மேல்வீட்டிலும் எரிக்கிறார்கள், நடுவில் இருக்கிற நமக்கு எதற்கு என்பது அவருடைய சித்தாந்தம். தரை வழியாகக் கொஞ்சம், கூரை வழியாகக் கொஞ்சம் என்று ஓசிச் சூட்டிலேயே நாலு குளிர்காலத்தை ஓட்டிவிட்டார் மனிதர். அதைத் தேநீர்க் கடையில் கால்மேல் கால் போட்டுப் பெருமையடித்துக்கொள்வது வேறு. கர்மம்!

அவர் மனைவி முனெவ்வெருக்கு அவரைப் பார்த்தாலே குமட்டும். ரயில்வே கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; பசி பட்டினி கிடந்தவர் இல்லை. ஆனாலும் தேநீர்க் கடைச் சர்க்கரைக் கட்டிகளைக் கோட்டுப் பைக்குள் தள்ளிக்கொண்டு வருவார். கபாப் கடையில் கை துடைக்கக் கொடுக்கும் ஈரத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடியில் உலர்த்துவார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே தட்டில் மிஞ்சிய பக்லாவா இனிப்பைக் கட்டித் தரச் சொன்னவர். "அப்பவே பின்வாசல் வழியா ஓடியிருக்கணும் நான்," என்று சாதெத்திடம் தலையில் அடித்துக்கொள்வாள் முனெவ்வெர். வீட்டுக்குள்ளேயே கோட்டு, இரட்டைச் சாக்ஸ், கம்பளித் தொப்பி. கெட்டிலில் காய்ச்சிய தண்ணீரில் அரைகுறைக் குளியல். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தாள்.

இந்த வருடம் சகிக்க முடியாது. மகள் நெவினுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. நாற்பது நாளும் தாய்வீட்டில்தான் என்று சம்பந்தியம்மாளிடம் சண்டை பிடித்து வாங்கியிருந்தாள் முனெவ்வெர். "அம்மா, வீடு சூடா இருக்கும்ல?" என்று மருத்துவமனைக் கட்டிலில் நெவின் கேட்டதற்கு, "நீ வந்து பாருடி, ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கும்," என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மதியம் பிள்ளையோடு வருகிறாள்.

காலையில் முனெவ்வெரின் நச்சரிப்பு தாங்காமல் ரிஃப்கி கோம்பியின் பொத்தானை அமுக்கினார். உள்ளே விசிறி உறுமியது, டிக் டிக் என்றது, நின்றது. சிவப்பு விளக்கு. மறுபடி அமுக்கினார். மறுபடி சிவப்பு.

"அழுத்தம் இல்ல போலருக்கு. தண்ணி ஏத்தணும்," என்று பெட்டிக்கு அடியிலிருந்த குழாயைத் திறந்துவிட்டு, வானொலியில் செய்தி கேட்கப் போய்விட்டார். அழுத்தம் காட்டும் முள் ஏறோ ஏறென்று ஏறி, மிஞ்சியதைப் பெட்டி கீழே கக்கியது. நாலு வருடம் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் ஊறிய தண்ணீர், கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு, முனெவ்வெர் அன்றுதான் துவைத்து விரித்த கம்பளத்தின் மேல்.

"சீ! ஒரு குழாயை மூடத் துப்பில்ல உங்களுக்கு!"

"கத்தாதே முனெவ்வெர். வேற ஏதாவது காரணம் இருக்கும்."

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"எதுக்கு மெக்கானிக்? கொஞ்ச நேரம் விட்டா தானா சரியாயிடும். சாதெத் இன்னைக்கு நல்லா எரிக்கிறா, தரையைத் தொட்டுப் பாரு."

அவளே போன் போட்டாள். இந்தக் குளிரில் ஊரெல்லாம் கூப்பிடுகிறார்கள் அக்கா, சாயங்காலம்தான் வர முடியும் என்றான் மெக்கானிக் யவூஸ்.

மதியம் நெவின் கணவனோடு வந்தாள். தலையில் பிரசவித்தவளின் சிவப்பு நாடா, கையில் துணிப் பொட்டலமாகக் குழந்தை. அறைக்குள் போய்ப் போர்வையை விலக்கினாள். குழந்தையின் மூக்கு நுனி சிவந்து, வாயிலிருந்து ஆவி வந்தது. ரிஃப்கி சாவகாசமாக, "ரெண்டு போர்வை போத்தினா போதும்மா. நீயும் இப்படித்தான் வளர்ந்தே," என்றார்.

நெவின் அப்பாவைப் பார்க்கவே இல்லை. "அம்மா, என்கிட்ட ஏம்மா பொய் சொன்னே?" என்றாள். மருமகன் கழற்றிய ஷூவை வாசலிலேயே திரும்ப மாட்டிக்கொண்டு, "எங்கம்மா வீட்டுக்கே போயிடலாம்," என்றான். குழந்தையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பிரசவித்தவளுக்கென்று காய்ச்சிய கிராம்புச் சர்பத் தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் யவூஸ் வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான், முகர்ந்தான், பால்கனிக்குப் போய் ஏணி போட்டுப் புகைக்குழாய்க்குள் கையை விட்டான். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது ஒரு துணி. முழங்கால்வரை நீளும் கம்பளி உள்ளாடை, புறா எச்சம் அப்பி, பொரிபோல மொரமொரவென்று. ரிஃப்கியுடையது. தொலைந்துபோனது என்று முனெவ்வெர் எப்போதோ தேடி அலுத்தது.

"த்தூ! யாருண்ணே இதைத் திணிச்சது? எரிஞ்சிருந்தா வீட்டோட மூச்சு முட்டிச் செத்திருப்பீங்க. நல்ல வேளை, மெஷினுக்காவது புத்தி இருக்கு," என்றான்.

"குளிர்காத்து வருதேன்னு நான்தான் அடைச்சேன்," என்றார் ரிஃப்கி. "காலையிலேயே ஞாபகம் வந்துச்சு. ஏணி வேற எடுக்கணும்... எப்படியும் கீழேருந்து சூடு வரும்னு விட்டுட்டேன்."

காலையிலேயே!

யவூஸ் பொத்தானை அமுக்கினான். குப்பென்று நீலச் சுடர். அவன் போய்ச் சற்று நேரத்தில் ரேடியேட்டர்கள் கொதிக்கத் தொடங்கின. குழந்தைக்கென்று ஒதுக்கிய அறைதான் முதலில் சூடானது. காலியான தொட்டிலருகே முனெவ்வெர் நின்றாள். ரிஃப்கி அறை வாசலில் எட்டிப் பார்த்தார்.

"குழந்தைதான் கிளம்பிப் போயிடுச்சே. இனி யாருக்கு? அணைச்சிடவா?"

முனெவ்வெர் ஜன்னலை அகலத் திறந்தாள். பனி உள்ளே வந்து கட்டிலில் விழுந்தது. அடுத்த அறைக்குப் போய் அதையும் திறந்தாள். பிறகு கூடம், பால்கனிக் கதவு, எல்லாம்.

"பைத்தியமாடி உனக்கு? தெருவையா சூடாக்குறே?" என்று அலறினார் ரிஃப்கி.

"ஆமா," என்று கோட்டை மாட்டிக்கொண்டாள் முனெவ்வெர். "நான் என் பேத்திகிட்ட போறேன். சம்பந்தி திட்டினா வாங்கிக்கிறேன். அந்தப் பெட்டியை அணைச்சீங்கன்னு சாதெத் சொல்லக் கேட்டேன்னா, திரும்பி வரமாட்டேன்."

படியிறங்கும்போதுகூட அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கடைசியில் சமையலறைக் கதவும் திறந்தது. கொஞ்ச நேரத்தில் கோம்பியின் உறுமல் நின்றுபோனது.