தவளைக்காக நனைத்த கால்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாமக்கல் பக்கம் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. கோழிகளை விட்டு நகராத என் கணவரை நச்சரித்து நச்சரித்து, கொல்லிமலைக் கோயிலுக்குக் கிளப்பியிருந்தேன். அப்போதும் மனிதர் சும்மா வரவில்லை. போகிற வழியில் பண்ணைக்கு பிளீச்சிங் பவுடர் வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

மலையடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். கடை ஓரத்தில் ஓர் இளம்பெண், ஸ்கூட்டரிலிருந்து பையை இறக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் தரையில் பரப்பிவிட்டு அழாத குறையாக நின்றிருந்தாள். ரப்பர் பூட்ஸ், சின்னச் சின்னக் குப்பிகள், பஞ்சு சுற்றிய குச்சிகள். பர்ஸைத் தொலைத்துவிட்டாளோ என்று விசாரித்தேன். பூட்ஸ் கழுவும் மருந்து வழியில் கொட்டிவிட்டதாம்.

"கடையில தண்ணி வாங்கிக் கழுவிக்க அம்மிணி," என்றார் என் கணவர்.

"வெறும் தண்ணி போதாதுண்ணா. போன வாரம் இதே பூட்ஸோட வேற மலையில ஓடையில இறங்கினேன். அங்கேயிருந்து நோயைக் கொண்டுவந்து இங்கே விட்டுட்டா?"

சேலம் அஸ்தம்பட்டிப் பெண், தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தவளையின் தோலில் ஒரு பூஞ்சை நோய் வருமாம். தவளை தண்ணீர் குடிப்பதே தோலால்தான், மூச்சுகூடப் பாதி அதன் வழியாகத்தான். அந்தத் தோல் கெட்டுப்போனால் கடைசியில் இதயமே நின்றுவிடுமாம். வெளிநாடுகளில் சில இனங்கள் அடியோடு அழிந்தே போய்விட்டனவாம். இந்த மலை ஓடையில் இருப்பவையோ ஏற்கெனவே குறைந்துகொண்டு வரும் சின்னத் தவளைகள். மழை பிடித்த இந்தச் சில நாட்களில்தான் வெளியே வரும். ஆனாலும் பூட்ஸைச் சுத்தம் செய்யாமல் இறங்க மாட்டேன், திரும்பிப் போகிறேன் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவளைக்குப் போய் இவ்வளவா! அவரும் சிரிப்பார் என்று திரும்பினால், மனிதர் முகம் மாறியிருந்தது. எங்கள் பண்ணையில் ஒருமுறை நோய் புகுந்து, ஷெட் ஷெட்டாகக் கோழிகளைக் குழியில் போட்டு மூடினோம். அன்று அவர் சோறு உண்ணவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஷெட் வாசலிலும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் காலை நனைக்காமல், என் அப்பாவே வந்தாலும் உள்ளே விடமாட்டார்.

"ஏனம்மிணி, பிளீச்சிங் பவுடர் ஆவுமா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

டீக்கடைக்காரரிடம் ஒரு பழைய பேசின் கிடைத்தது. அவள் சொன்ன அளவில் பவுடரைக் கரைத்தார்கள். கோயிலுக்கென்று கட்டிய வெள்ளை வேட்டியோடு இவர் கீழே உட்கார்ந்து, ஒரு குச்சியால் பூட்ஸின் அடியில் இருந்த மண்ணை நோண்ட ஆரம்பித்துவிட்டார். அவள் போதும் என்றாலும் விடவில்லை. "இரு அம்மிணி, இடுக்குல இன்னும் மண்ணு இருக்குது." கழுவிய தண்ணீர் ஓடைப் பக்கம் போனால் அதுவே தவளைகளைக் கொன்றுவிடும் என்று அவள் சொல்ல, தூரமாகக் குழி பறித்து ஊற்றினார். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, காயும்வரை காத்திருந்தோம். கோயில் நடை சாத்திவிடுவார்களே என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

பயந்தபடியே கோயில் நடை சாத்தியிருந்தது. எனக்குக் கோபமான கோபம். இறங்கும் வழியில் சாலையோர ஓடையில் அந்தப் பெண் நின்று கையசைத்தாள். நான் இறங்கப் போனேன், இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நம்ம கால்ல பண்ணை மண்ணு இருக்கும்." அவளே கரைக்கு வந்து உறை மாட்டிய உள்ளங்கையைக் காட்டினாள். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு தவளை. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. பரிசோதித்த எந்தத் தவளையிலும் அந்தப் பூஞ்சை இல்லையாம். தீவனக்காரரிலிருந்து முட்டை லாரி டிரைவர் வரை ஒருவர் விடாமல் இவர் சொல்லித் தீர்த்தார். போன மழைக்கும் அவள் வந்தாள். மலைக்குப் போகும் முன் எங்கள் பண்ணை வாசலில் நின்று, "அண்ணா, பூட்ஸ்!" என்று குரல் கொடுத்தாள். அந்த முறையும் நல்ல சேதிதான்.

எழுந்ததும் முட்டை விலையை மட்டுமே கேட்கும் மனிதர், இப்போது மழை தூறினால் மலைப் பக்கம் பார்த்து, "நம்ம தவளைங்கெல்லாம் இந்நேரம் வெளிய வந்திருக்கும்," என்கிறார். அந்த 'நம்ம'வைக் கேட்கும்போதெல்லாம், அன்று சாத்திய நடையின் முன் நின்றதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை என்று தோன்றுகிறது.