வெள்ளிக்கிழமை வைத்தியம்

எங்கள் கடற்கரை ஊரில் டாக்டரிடம் போக உகந்த நாள் வெள்ளிக்கிழமை. சாமி காரியம் ஒன்றும் இல்லை. வளைகுடாவில் அன்றுதான் விடுமுறை. அங்கே வேலை பார்க்கும் எங்கள் ஊர் ஆண்கள் அறையில் இருப்பார்கள், போனை எடுப்பார்கள். மனைவிக்கு என்ன நோய் என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டியது அவர்கள்தானே.

சிரிக்காதீர்கள், அப்படித்தான் நடந்தது. யாரோ ஒரு கணவர், "ஸ்கேன் எடுக்கச் சொன்னது யாரு?" என்று போனில் சண்டைக்கு வந்தாராம். அன்றிலிருந்து டாக்டர் ஒரு வழக்கம் வைத்துவிட்டார். உள்ளே வரும்போதே வீட்டுக்காரரைப் போனில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பெண்கள் சுற்றி வளைத்துப் பேசுவார்கள், ஆண்கள் இரண்டு வரியில் முடிப்பார்கள் என்பதும் அவர் கண்டுபிடிப்பு. டோக்கனைக் கூப்பிடும்போதே நர்ஸ் அக்கா "போனைப் போட்டாச்சா?" என்று கேட்பார். இதை எங்கள் ஊரில் ஒருவர்கூடத் தப்பென்று சொல்லவில்லை. மரியாதை தெரிந்த டாக்டர் என்றுதான் பேசிக்கொண்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அப்போது நான்காம் வகுப்பு. என்னைப் பெற்ற அம்மைக்கு இரண்டு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. அந்த வார்த்தையெல்லாம் எனக்கு அன்று தெரியாது. விடியும் முன்னே எழுந்து கிணற்றடியில் துணி அலசுவாள், மீன் வெட்ட உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள், அவ்வளவுதான் தெரியும். வளைகுடாவில் இருந்த அப்பாவிடம் அவள் சொன்னது வயிற்றுவலி என்று மட்டும். வேறு எதைச் சொல்வாள்? அங்கே ஓர் அறையில் எட்டு ஆண்கள். அப்பாவின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கத்தும். எட்டுப் பேர் கேட்க ஒரு பெண் அதைச் சொல்வாளா? அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் அணைத்துப் பேச வேண்டும் என்று அப்பாவுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், குறைதான் சொல்கிறேன்.

டாக்டரிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மை இருந்தாள். முந்தின நாள் முழுக்கப் பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுத்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்த்திருக்கிறாள், பாவம்.

வீடியோ கால் போட அவளுக்குத் தெரியாது. பச்சையும் சிவப்பும் மட்டும்தான் தெரியும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். போன் என் கையில். எனக்கு ஒரே பெருமை.

டாக்டர் அம்மையைப் பார்க்கவே இல்லை. நான் நீட்டிய போனைப் பார்த்து, "வீட்டம்மாவுக்கு என்ன செய்யுது?" என்றார்.

"வயித்துவலி சாரே. கேஸுதான். நேரத்துக்குத் தின்ன மாட்டா, சொன்னா கேக்கவும் மாட்டா," என்றார் அப்பா.

டாக்டர் சிரித்தார். அப்பா சிரித்தார். அப்பாவுக்குப் பின்னால் கட்டிலில் கிடந்த யாரோ ஒருவரும் சிரித்தார். டாக்டர் மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

அம்மை கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"சாரே, சூக்கேடு எனக்காக்கும், நோயாளி நானாக்கும். அவருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு ரெண்டு மாசமாட்டு..."

ஒருவழியாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மையின் கை தவறிப் பட்டு லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, மளமளவென்று திரும்ப அழைத்தேன். நாசமாய்ப் போன சிக்னல், மற்ற நாளில் அரைமணி நேரம் இழுக்கும், அன்றைக்கு உடனே கிடைத்தது. "சாரே, அப்பா வந்தாச்சு!" என்று போனை மேசைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

டாக்டர் அம்மையைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார், நிறுத்து என்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு மாதத்துக்குக் கேஸ் மாத்திரை. "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க," என்றார், போனிடம்.

மாத்திரை தீருவதற்குள் அம்மை மீன் சந்தையில் மயங்கி விழுந்தாள். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவளுக்கு முப்பத்தொரு வயது. அங்கே இருந்த பெண் டாக்டருக்குக் கோபம் வந்தது, அதுவும் அம்மை மேல்.

"இவ்வளவு நாள் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தியாம்மா?"

"சொல்லத்தான் போனேன் டாக்டரே," என்றாள் அம்மை.

பொய் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "இல்ல டாக்டரே, அம்மை ஒண்ணுமே சொல்லல்ல. நானும் கூடத்தான் இருந்தேன்," என்றேன்.

டாக்டர் என் கன்னத்தைத் தட்டினார். "இந்தப் பிள்ளைக்கு இருக்கிற விவரம் உனக்கு இல்லையே!" என்றார்.

அம்மை என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமா டாக்டரே," என்றாள். உண்மையை ஒத்துக்கொண்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.