நதா என்றால் பனி

பஸ்லான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேசினாலும் வாய்க்குள் கல்லைப் போட்டு அரைத்த மாதிரித்தான் வரும். அவன் சலாம் சொன்னாலே ஏசுகிற மாதிரி இருக்கும் என்று ஏறாவூரில் பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்டவன்தான் ஒரு பேருக்காகச் சொந்த வீட்டுக்குள் கெஞ்சிக்கொண்டு திரிந்தான்.

பேர் அவனுடைய மகளுக்கு. எட்டு மாதம் நிரம்பும் முன்னமே பிறந்துவிட்டாள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். கை விடுகிற துவாரத்தில் வாயை வைத்து, நர்ஸ் ஏசாத அளவுக்கு மெதுவாகப் பிள்ளையின் காதுக்குப் பாங்கு சொன்னான் பஸ்லான். பெண்சாதி நஸீபா பீய்ச்சிக் கொடுத்த பால், மூக்கில் போட்ட குழாய் வழியே துளித்துளியாக உள்ளே போனது. அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அவனுக்குப் பேர் வந்தது. நதா. அரபியில் பனி என்று அர்த்தம்.

அது அவன் ஓதிப் படித்த சொல் அல்ல. கட்டாரில் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்தபோது கிடைத்தது. மழையின் முகத்தையே காணாத மண் அது. விடியும்போது மட்டும் தகரக் கூரை, குழாய், கழற்றி வைத்த செருப்பு எல்லாம் நனைந்து கிடக்கும். கூட வேலை செய்த சூடான்காரன் ஒருநாள் தகரத்தை விரலால் வழித்து இவன் கன்னத்தில் தடவி, "நதா" என்று சிரித்தான். வேலிக்கு வெளியே, ஒருவரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில், கொஞ்சம் புல் பச்சையாக நின்றது. அதைப் பார்த்துவிட்டு வேலைக்கு இறங்குவது பஸ்லானுக்குப் பழக்கமாகிவிட்டது.

அவன் அங்கே நிற்கும்போதுதான் மூத்தவன் பிறந்தான். ஏழாம் நாள் தலைமயிர் இறக்கி, இஷாம் என்று பேர் வைத்தார்கள். இரண்டு நாளில் மையத்தாகி அடக்கிவிட்டார்கள். பஸ்லான் அந்தப் பிள்ளையைப் போனில்தான் கண்டான். ஊருக்கு வந்தவன் மறுகா கட்டார்ப் பக்கம் போகவில்லை.

அதனால்தான் நஸீபா இந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்க விடவில்லை. பேர் வைக்கிற ஏழாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் எல்லோரும் "கிளி", "புள்ள" என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் பஸ்லான் வாயைத் திறந்து நதா என்றான், அர்த்தத்தையும் சொன்னான். மாமி பஹீமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பனியா? வெயில் ஏறினா இரிக்காதே மருமகன். வேற பேரே கிடைக்கல்லயா?"

 நஸீபா பிள்ளையின் காதைக் கையால் பொத்தினாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு அவனால் அன்றைக்குச் சோறு தின்ன முடியவில்லை. அதன் பிறகு பின்னேரங்களில் வாசலில் நின்று, "யோசிச்சியா புள்ள?" என்று கேட்பான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இதற்கிடையில் அவனுக்கு ஒரு பயிர் இருந்தது. சித்தாண்டிக் கோணாமலை அவனுடைய கூட்டாளி. வெள்ளாமை வெட்டி முடிந்ததும் தன் வயல் வட்டையில் ஒரு மூலையை விட்டுக் கொடுத்திருந்தான். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பிப் பயறு போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த முறை மழை ஒரு தூறல்கூட எட்டிப் பார்க்கவில்லை. பனி போதும் என்ற பஸ்லானைக் கோணாமலை நக்கலடித்தான். "வானத்தப் பாத்து விதைக்கிறவனக் கண்டிரிக்கன், புல்லுநுனியப் பாத்து விதைக்கிறவன இப்பதான் காணுறன்."

ஆனாலும் விடியற்காலையில் வரம்பில் நடந்தால் பஸ்லானின் சாரன் முழங்கால் வரை நனைந்துவிடும். பயற்றிலையெல்லாம் பனி. அது இலையில் உருண்டு தண்டு வழியே அடிக்கு இறங்குவதைக் குந்தியிருந்து பார்ப்பான். செடி வாடவில்லை. பூத்தது, காய்த்தது.

காய் முற்றியதும் இரண்டு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு நேரே நஸீபாவின் அறைக்குள் போனான். பிள்ளை பெத்த வீட்டுக்குள் மண்ணோடு வருகிறாரே என்று மாமி கத்தினாள். அவன் செடியைப் பாயில் வைத்தான்.

"இது விதைச்சதுக்கு மழை பெய்ஞ்சதா நஸீபா?"

"இல்ல."

"நான் தண்ணி ஊத்தினதும் இல்ல. கீழ கொஞ்சம் ஈரம், மேல பனி. அவ்வளவுதான். வெயில் ஏறினாப் பனி போறது மெய்தான். எங்க போகுது? இதுக்குள்ளதான் போகுது."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவன் இவ்வளவு பேசியதில்லை.  குனிந்தபடி, "நான் இன்னம் ஒரு புள்ளயையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல" என்றான்.

நஸீபா ஒரு காயை எடுத்து நகத்தால் கீறினாள். உள்ளே பச்சைமணிகள் வரிசையாக இருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

வாளியை இறக்கும்போது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க. நதா எண்டு கூப்பிட்டன், இவ கண் முழிக்கல்ல. நீங்க வந்து கூப்பிடுங்க."

வாளி கிணற்றுக்குள் விழுந்தது. மண் காலோடு ஓடிப் போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினான். எவ்வளவு மெதுவாகச் சொல்ல நினைத்தும் குரல் வழக்கம்போலக் கரகரவென்றுதான் வந்தது.

"நதா."

பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டு அழுதாள்.

"பேரு சொல்லச் சொன்னா ஏசுறீங்களே மருமகன்" என்று மாமி பிள்ளையைத் தூக்கப் போனாள். நஸீபா விடவில்லை. அழட்டும் உம்மா, அவளுக்குக் கேட்டிருக்கிறது என்றாள்.